4294967297: ஃபெர்மாவின் ஊகத்தை உடைத்த எண்

இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அதாலேயே பெருக்கினால் 4. நான்கை நான்கால் பெருக்கினால் 16. பதினாறைப் பதினாறால் பெருக்கினால் 256. அடுத்தது 65536. அதற்கும் அடுத்தது 4294967296. ஐந்தே பெருக்கலில் ஒற்றை இலக்கத்திலிருந்து பத்து இலக்கத்துக்கு ஏறிவிட்டோம். இனி இந்த ஆறு எண்களோடும் ஒன்றொன்றைக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று ஒரு வரிசை கிடைக்கும்.

முதல் ஐந்தும் பகா எண்கள். அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாதவை. அப்படியானால் ஆறாவதும் பகா எண்தானே? ஐந்து முறை தவறாமல் நடந்தது ஆறாம் முறையும் நடக்கும் என்றுதான் மனம் சொல்லும். பதினேழாம் நூற்றாண்டின் மிகக் கூர்மையான கணித அறிஞர்களில் ஒருவரான பியர் த ஃபெர்மாவின் மனமும் அப்படித்தான் சொன்னது. 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்ற இந்த எண் அவரைப் பொய்யாக்கியது.

அதனால் கணிதத்துக்கு நட்டம் எதுவும் வரவில்லை. இந்த எண்ணை உடைக்கக் கண்டுபிடித்த வழிகளும், உடைந்த பிறகு எழுந்த கேள்விகளும் இன்றுவரை பயன் தந்துகொண்டிருக்கின்றன. இதற்கு முன்னால் நிற்கும் 4294967296, 4294967295 ஆகிய இரண்டும் இதற்குச் சளைத்தவை அல்ல. ஒன்று நம் கணினிகளின் உள்ளே எல்லைக்கல்லாக நிற்கிறது. மற்றது வடிவியலில் ஒரு எல்லையைக் குறிக்கிறது. அடுத்தடுத்த மூன்று எண்களுக்குள் இவ்வளவு கணிதம் திரண்டிருப்பது அபூர்வம்.

துலூஸ் நகரத்து நீதிமன்ற ஆலோசகர்

ஃபெர்மா தொழில்முறைக் கணித ஆசிரியர் அல்லர். பிரான்ஸின் தென்பகுதியில் உள்ள துலூஸ் நகர உயர்நீதிமன்றத்தில் ஆலோசகராகப் பணியாற்றியவர். கணிதம் அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடு. கண்டுபிடித்தவற்றை நூலாக அச்சிடாமல் நண்பர்களுக்குக் கடிதமாக எழுதி அனுப்புவது அவர் வழக்கம்.

1640-ஆம் ஆண்டு ஃப்ரெனிக்கிள் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் மேலே சொன்ன வரிசையைக் குறிப்பிட்டார். இந்த முறையில் வரும் எல்லா எண்களும் பகா எண்கள் என்று தாம் ஏறத்தாழ உறுதியாக நம்புவதாகவும், முழு நிரூபணம் கைவசம் இல்லை என்றும் எழுதினார். 1654-இல் பாஸ்கலுக்கு எழுதியபோதும் இதே கூற்று அவரைவிட்டு அகலவில்லை. பகா எண்களை வேண்டிய மட்டும் தரும் ஒரு சூத்திரம் கிடைத்துவிட்டது என்றால் எந்த எண் ஆர்வலருக்குத்தான் அதை விட மனம் வரும்? இன்று இந்த வரிசையின் உறுப்புகளுக்கு ஃபெர்மா எண்கள் என்றே பெயர்.

அவர் காலத்தில் 4294967297-ஐச் சோதிப்பது எளிதாகத் தோன்றியிருக்காது. ஒரு எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையிலுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். இதன் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டியது. அதுவரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் பத்து இலக்க எண்ணைத் தாளில் வகுப்பது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை.

ஆனால் அந்த வேலையை ஒரு மாலைப்பொழுதாகச் சுருக்கும் கருவி ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஃபெர்மாவேதான். அதை இந்த எண்மீது வெற்றிகரமாகச் செலுத்தியவர் வேறொருவர்.

ஆய்லரின் ஐந்து வகுத்தல்கள்

1729 டிசம்பர் 1 அன்று கிறிஸ்டியன் கோல்ட்பாக், லியோன்ஹார்ட் ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது ஆய்லருக்கு வயது 22. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் இருந்தார். கடிதத்தின் பின்குறிப்பில் ஃபெர்மாவின் இந்தக் கூற்றைச் சொல்லி, இது உங்களுக்குத் தெரியுமா என்று கோல்ட்பாக் கேட்டிருந்தார். எண்கோட்பாட்டின் பக்கம் ஆய்லரைத் திருப்பிய கேள்வி என்று கணித வரலாற்றாசிரியர்கள் இதைச் சொல்வார்கள். 1732-இல் ஆய்லர் விடையோடு வந்தார்.

4294967297 = 641 × 6700417.

641-ஐ அவர் எப்படிப் பிடித்தார் என்பதில்தான் அழகு இருக்கிறது. இரண்டின் அடுக்குகளான 2, 4, 8, 16, 32 ஆகியவற்றை வரிசையாக 7-ஆல் வகுத்து மீதிகளை மட்டும் எழுதிப் பாருங்கள். 2, 4, 1, 2, 4, 1 என்று மூன்று மூன்றாகச் சுற்றிவரும். எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணால் வகுத்தாலும் மீதிகள் இப்படியே சுற்றும். அந்தச் சுற்றின் நீளம், வகுக்கும் பகா எண்ணில் ஒன்று குறைத்தால் வரும் எண்ணை மீதியின்றி வகுக்கும் என்பது ஃபெர்மாவின் தேற்றம். 7-இல் ஒன்று குறைந்தால் 6. சுற்றின் நீளமான 3, ஆறை வகுக்கிறது.

இனி நம் எண்ணுக்கு வருவோம். அது 2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்று கூட்டியது. அதை ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணைப் பொறுத்தவரை 2³²-இன் மீதி, கழித்தல் 1. அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1. ஆக, 64-ஆவது அடுக்கில் சுற்று முடிகிறது, 32-ஆவதில் முடியவில்லை. சுற்றின் நீளம் 64-ஐ வகுக்க வேண்டும், 32-ஐ வகுக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஒரே எண் 64 மட்டுமே. எனவே அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்தால் 64-இன் மடங்கு வந்தாக வேண்டும்.

இது ஒன்று போதும், தேடல் சட்டென்று குறுகிவிடும். 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டினால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று போகிறது. இவற்றுள் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்துதான். ஐந்தாவது வகுத்தலிலேயே எண் உடைகிறது. பகா எண்களின் வரிசையில் 641 இருப்பது 116-ஆவது இடத்தில். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக வகுத்துச் சென்றவர் 116 முறை வகுக்க வேண்டியிருக்கும்.

1878-இல் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இந்த விதியை மேலும் இறுக்கினார். 64-இன் மடங்கு போதாது, 128-இன் மடங்காகவே இருக்க வேண்டும் என்று நிறுவினார். இப்போது மிஞ்சுபவை 257, 641 என்ற இரண்டே. 257 தானே ஒரு ஃபெர்மா எண். எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பது கோல்ட்பாக் 1730-இலேயே காட்டிய உண்மை. ஆகவே அதையும் விலக்கிவிடலாம். முதல் வகுத்தலே 641-தான்.

மற்றக் காரணியான 6700417-ஐ மேலும் உடைக்க முடியுமா? அதன் வர்க்கமூலம் 2588-ஐத் தாண்டி ஒரு பின்னம். லூக்காவின் விதிப்படி அதுவரையில் சோதிக்க வேண்டிய பகா எண்கள் 641, 769, 1153, 1409 ஆகிய நான்கு மட்டுமே. மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் சரியாக வகுக்கவில்லை. எனவே 6700417 பகா எண். மொத்தக் கதையையும் ஒரு பள்ளி மாணவர் அரைத்தாளில் முடித்துவிடலாம்.

வகுக்காமலே ஒரு நிரூபணம்

641 இந்த எண்ணை வகுக்கிறது என்பதைக் காட்ட, பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம். 641 என்ற எண்ணை இரண்டு விதமாக எழுதத் தெரிந்தால் போதும்.

முதல் விதம்: 641 = 5 × 128 + 1. அதாவது 5 × 2⁷ என்பதை 641-ஆல் வகுத்தால் மீதி கழித்தல் 1. இரு பக்கத்தையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸-இன் மீதி 1.

இரண்டாம் விதம்: 641 = 625 + 16 = 5⁴ + 2⁴. ஆகவே 5⁴-உம் கழித்தல் 2⁴-உம் 641-ஐப் பொறுத்தவரை ஒன்றே.

இப்போது முதல் முடிவில் 5⁴ இருக்கும் இடத்தில் கழித்தல் 2⁴-ஐப் போடுங்கள். கழித்தல் 2³²-இன் மீதி 1 என்று வரும். எனவே 2³² + 1-இன் மீதி பூச்சியம். நிரூபணம் முடிந்தது. பத்து இலக்க எண் ஒன்றை எழுதவே நேரவில்லை!

இந்த எண்ணின் குட்டை உடைக்க இன்னொரு வாசலும் உண்டு. ஒற்றைப்படை எண் ஒன்றை, பொதுக் காரணி இல்லாத இரண்டு வர்க்கங்களின் கூட்டாக இரு வெவ்வேறு விதங்களில் எழுத முடிந்தால் அது பகா எண் ஆகாது. இந்த விதியை ஆய்லர் பெரிய எண்களைச் சோதிக்க நன்றாகப் பயன்படுத்தினார். நம் எண் 65536² + 1² என்பது பார்த்தவுடன் தெரிவது. அதே எண் 62264² + 20449² ஆகவும் வருகிறது. இரண்டாவது கூட்டல் கண்ணில் பட்ட கணமே, காரணி எதுவென்று தெரியாமலே, இது பகு எண் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

இவ்வளவு தந்திரமும் தெரியாத ஒரு சிறுவன் இந்த எண்ணை மனக்கணக்காக உடைத்த செய்தியும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1804-இல் பிறந்த ஸீரா கோல்பர்ன் சிறுவயதிலேயே மனக்கணக்கு வித்தைக்காக ஊர் ஊராக அழைத்துச் செல்லப்பட்டவன். 1812-இல் லண்டனுக்கு வந்தபோது அவனிடம் 4294967297-ஐக் கொடுத்துக் காரணி கேட்டார்கள். 641-ஆல் வகுபடும் என்று எட்டு வயதுச் சிறுவன் விடை சொன்னான்.

கவராயமும் அளவுகோலும்

இரண்டு குறைத்து 4294967295-க்கு வருவோம். ஃபெர்மா எண்களுக்கு ஓர் இனிய இயல்பு உண்டு. ஓர் இடம் வரை உள்ள எல்லாவற்றையும் பெருக்கினால், அடுத்து வரும் ஃபெர்மா எண்ணில் இரண்டு குறைவாகக் கிடைக்கும். 3 × 5 = 15; அடுத்தது 17. 3 × 5 × 17 = 255; அடுத்தது 257. இதன்படி 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. இன்றுவரை நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் இந்த ஐந்துதான். அவை அனைத்தையும் தன்னுள் ஒருமுறை வைத்திருக்கும் எண் இது.

இதன் பெருமையை வெளிக்கொண்டு வந்தவர் கார்ல் ஃபிரெடரிக் காஸ். 1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பது வயது நிரம்ப ஒரு மாதம் இருக்கையில், 17 பக்கம் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தைக் கவராயமும் அடையாளமற்ற அளவுகோலும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று அவர் கண்டார். முக்கோணம், ஐங்கோணம், பதினைங்கோணம் ஆகியவற்றைப் பண்டைக் கிரேக்கர்கள் வரைந்திருந்தார்கள். அதன்பின் ஈராயிரம் ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் புதிதாக ஒரு ஒற்றைப்படைப் பலகோணம் சேர்ந்ததில்லை. காஸ் பிறந்த பிரவுன்ஷ்வைக் நகரில் அவருக்கு எழுப்பிய சிலையின் பீடத்தில் பதினேழு முனை நட்சத்திரம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது.

1801-இல் வெளிவந்த தம் நூலில் காஸ் பொது விதியைத் தந்தார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் அந்தப் பலகோணத்தை வரையலாம். மற்றவற்றை வரையவே முடியாது என்பதை 1837-இல் பியர் வான்ட்சல் நிறுவினார். ஐந்து பகா எண்களிலிருந்து ஒன்றோ பலவோ எடுத்துப் பெருக்கினால் 31 எண்கள் வரும். அவற்றில் மிகச் சிறியது 3. மிகப் பெரியது 4294967295. இன்றைய அறிவின்படி, கவராயத்தால் வரைய முடிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களின் கடைசி எல்லை இதுவே. பூமியின் நிலநடுக்கோட்டையே வட்டமாகக் கொண்டு இதை வரைந்தால்கூட ஒரு பக்கத்தின் நீளம் ஒன்பது மில்லிமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும்.

இதற்கு முந்தைய படிகளில் உழைத்தவர்களும் இருக்கிறார்கள். 257 பக்கப் பலகோணத்தின் வரைமுறையை 1832-இல் ரிஷலோ எழுதினார். 65537 பக்கத்துக்கு யோஹான் ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்தாண்டு உழைத்தார். 1894-இல் அவர் ஒப்படைத்த கையெழுத்துப்படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

இந்த 31 எண்களும் இன்னோர் இடத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. பாஸ்கல் முக்கோணத்தை எல்லாரும் பள்ளியில் பார்த்திருப்போம். பாஸ்கலுக்குப் பல நூற்றாண்டு முன்பே, பிங்கலரின் யாப்பு நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர் அதை மேரு பிரஸ்தாரம் என்ற பெயரில் விளக்கியிருக்கிறார். அந்த முக்கோணத்தில் ஒற்றைப்படை எண் வரும் இடங்களில் 1, இரட்டைப்படை வரும் இடங்களில் 0 என்று எழுதுங்கள். 1, 11, 101, 1111, 10001, 110011 என்று வரிகள் அமையும். ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51 என்று வரும். இரண்டாம் வரியிலிருந்து 32-ஆம் வரி வரை வருபவை, காஸின் பட்டியலில் உள்ள அதே 31 எண்கள். வரிசைகூட மாறவில்லை! 32-ஆம் வரி முழுவதும் ஒன்றுகள். அதன் மதிப்பு 4294967295.

அடுத்த வரி? முதலில் 1, பிறகு 31 பூச்சியங்கள், கடைசியில் 1. அதன் மதிப்பு 4294967297. பாஸ்கல் முக்கோணமும் காஸின் பட்டியலும் கைகோத்து வந்த பயணம் இந்த இடத்தில் முறிகிறது. ஆய்லர் கண்ட 641-தான் அதற்குக் காரணம். இந்த எண் பகா எண்ணாக இருந்திருந்தால் அந்த ஒற்றுமை இன்னும் 32 வரிகளுக்கு நீண்டிருக்கும்.

இடையில் நிற்கும் எண்

இரண்டுக்கும் நடுவே இருப்பது 4294967296, அதாவது 2³². முப்பத்திரண்டு இடங்களில் 0 அல்லது 1 வைத்து எத்தனை விதமாக எழுதலாம் என்றால், இத்தனை விதம். கணினிகள் நீண்ட காலம் எண்களை 32 இடமுள்ள பெட்டிகளில் வைத்தே கையாண்டன. அந்தப் பெட்டியில் அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295. அதோடு ஒன்று கூட்டினால் பெட்டி நிரம்பி வழிந்து பூச்சியத்துக்குத் திரும்பும். சதுரங்கப் பலகையின் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்து வைக்கும் பழங்கதையில், பாதிப் பலகை நிறையும்போது சேர்ந்திருக்கும் மணிகளும் இதே 4294967295-தான். மணி ஒன்று 25 மில்லிகிராம் என்று வைத்தால் நூறு டன்னைத் தாண்டும்.

இந்த எல்லையை நாம் அறியாமலே பலமுறை தொட்டிருக்கிறோம். ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் பெரிய திரைப்படக் கோப்பு ஏற மறுத்தால், அது 4294967295 பைட்டைத் தாண்டியது என்று பொருள். இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி தர 1981-இல் வகுத்த ஐபிவி4 முறையில் மொத்த முகவரிகள் 4294967296. அன்று அது வற்றாத கையிருப்பாகத் தோன்றியது. 2011 பிப்ரவரி 3 அன்று மையக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் பகிரப்பட்டுத் தீர்ந்தன.

மில்லிநொடிகளை 32 இடப் பெட்டியில் எண்ணினால், 49 நாள், 17 மணி, 2 நிமிடம், 47 நொடியில் பெட்டி நிரம்பிவிடும். விண்டோஸ் 95, 98 கணினிகளைத் தொடர்ந்து அணைக்காமல் வைத்தால் ஏறத்தாழ 49.7 நாளில் உறைந்துபோகும் குறைபாட்டுக்கு இதுவே காரணம். 2004 செப்டம்பரில் தெற்குக் கலிஃபோர்னியாவின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம் ஒன்றில் இப்படிப்பட்ட எண்ணி நிரம்பி, விமானங்களோடு வானொலித் தொடர்பு மணிக்கணக்கில் அறுந்தது. முப்பது நாளுக்கு ஒருமுறை நிறுத்தி இயக்க வேண்டிய கருவியை அந்த முறை யாரும் நிறுத்தி இயக்கவில்லை.

பெட்டியின் ஓர் இடத்தைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கினால் எல்லை 2147483647 ஆகக் குறையும். இதுவும் ஆய்லர் கைபட்ட எண்தான். இது பகா எண் என்று 1772-இல் நிறுவியவர் அவரே. 1970-இன் தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணிவரும் பழைய கணினி நிரல்கள் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இந்த எல்லையைத் தொடும். அதற்குள் அவற்றை மாற்றிவிட வேண்டும்.

அடுத்தடுத்த படிகள்

ஆறாவது ஃபெர்மா எண் உடைந்தது. ஏழாவது? அது 18446744073709551617. 1855-இல் தாமஸ் கிளாசன் இதன் காரணிகளைக் காஸுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். 1880-இல் எண்பது வயதைக் கடந்த லாந்த்ரி என்பவர் தனியாகக் கண்டு வெளியிட்டார். அதன் சிறிய காரணி 274177.

இதற்கிடையில் 1877-இல் பெப்பான் என்ற பாதிரியார் அருமையான சோதனை ஒன்றைக் கண்டுபிடித்தார். நம் எண்ணுக்கு அது இப்படி அமையும்: மூன்றை எடுத்து வர்க்கப்படுத்துங்கள், விடையை 4294967297-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள், அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்துங்கள். 31 முறை இப்படிச் செய்தபின் மீதி கழித்தல் 1 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். மூன்றுக்குப் பதிலாக இரண்டை வைத்துச் சோதித்தால் ஏமாந்துவிடுவோம். பகா எண்களுக்கு உரிய மீதியே எல்லா ஃபெர்மா எண்களுக்கும் வரும்.

பெப்பானின் சோதனை பகா எண்ணா இல்லையா என்று மட்டும் சொல்லும், காரணியைக் காட்டாது. எட்டாவது ஃபெர்மா எண் பகு எண் என்பது 1905-இலேயே இப்படித் தெரிந்துவிட்டது. அதன் காரணிகளைக் காண 1970 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மாரிசனும் பிரில்ஹார்ட்டும் தொடர் பின்னங்களைக் கொண்ட புது முறையோடு அதை உடைத்தார்கள். ஒன்பதாவதை 1980-இல் பிரென்ட்டும் பொல்லார்டும் உடைத்தார்கள். 1988-இல் பொல்லார்ட் இன்னொரு முறையை முன்வைத்தபோது, தம் முறை வேலை செய்கிறது என்று காட்ட எட்டாவது ஃபெர்மா எண்ணையே மறுபடி உடைத்துக் காட்டினார். எண் களச் சல்லடை என்ற அந்த முறை வளர்ந்து, 1990-இல் 155 இலக்கம் கொண்ட பத்தாவது ஃபெர்மா எண்ணை நூற்றுக்கணக்கான கணினிகளின் கூட்டு உழைப்பில் வீழ்த்தியது.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. இணையத்தில் நம் வங்கிக் கணக்கைக் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டு, பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது கடினம் என்ற ஒன்றையே நம்பி நிற்கிறது. அந்தப் பூட்டு எவ்வளவு நீளமாக இருந்தால் பாதுகாப்பு என்று அளப்பதற்கு எண் களச் சல்லடையே உரைகல். அந்த முறையைப் பட்டை தீட்டிய களம் ஃபெர்மா எண்கள். பூட்டிலேயும் ஒரு ஃபெர்மா எண் குடியிருக்கிறது. ஆர்எஸ்ஏ பொதுச் சாவிகளில் அடுக்காகப் பெரும்பாலும் வைக்கப்படும் எண் 65537. இரும எழுத்தில் அதில் இரண்டே ஒன்றுகள்தான் இருப்பதால், பதினாறு வர்க்கமும் ஒரு பெருக்கலுமாகக் கணினி வேலையை விரைந்து முடித்துவிடுகிறது.

இன்றைய நிலவரம் இது. ஆறாவதிலிருந்து 33-ஆவது வரை எல்லா ஃபெர்மா எண்களும் பகு எண்கள் என்று நிறுவப்பட்டுள்ளன. ஆனால் முழுமையாகக் காரணிப்படுத்தப்பட்டவை 12-ஆவது வரைதான். 21-ஆவதும் 25-ஆவதும் பகு எண்கள் என்று தெரியும். அவற்றின் ஒரு காரணிகூடத் தெரியாது. 34-ஆவது ஃபெர்மா எண்ணில் 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. அது பகா எண்ணா, பகு எண்ணா என்பதே இன்னும் தீரவில்லை. ஃபெர்மா பகா எண்கள் முடிவின்றி இருக்கின்றன என்று நிறுவும்படி 1844-இல் ஐசென்ஸ்டைன் ஒரு கேள்வியாக வைத்தார். இன்றைய கணித அறிஞர்களில் பெரும்பாலோர் அந்த ஐந்தோடு கதை முடிந்துவிட்டது என்றே நினைக்கிறார்கள். எதற்கும் நிரூபணம் இல்லை. எல்லாம் பகா எண்கள் என்று ஃபெர்மா நம்பினார். ஐந்துக்கு மேல் இல்லை என்று நாம் நம்புகிறோம். நிரூபணம் வரும்வரை நம் நம்பிக்கைக்கும் அவர் நம்பிக்கைக்கும் ஒரே தகுதிதான்.

வகுப்பறைக்கு ஏற்ற எண்

ஐந்து முறை சரியாக வந்தது நிரூபணம் ஆகாது என்று மாணவர்களிடம் சொல்லலாம். சொல்வதைவிட 4294967297-ஐக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது மேல். மீதிகளை வைத்துக் கணக்கிடும் முறை தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. 641-இன் நிரூபணத்துக்கு அதற்கு மேல் ஒரு வரிகூடத் தேவையில்லை. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு முன் ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞர் ஒருவர் நம்பியதை, பதினைந்து வயது மாணவி ஒருத்தி ஒரு பாடவேளைக்குள் தன் கையால் மறுத்துக் காட்ட முடியும். வேறு எந்தப் பாடத்திலும் எளிதில் கிடைக்காத உரிமை இது. ஆசிரியரின் சொல்லையோ நூலின் பெயரையோ அவள் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை; பெருக்கிப் பார்த்தால் போதும்.

ஃபெர்மாவை இந்த எண் சிறுமைப்படுத்தவில்லை என்பதையும் அதே வகுப்பில் சொல்ல வேண்டும். அவர் ஊகத்தை வீழ்த்தப் பயன்பட்ட தேற்றம் அவருடையது. நிரூபணம் இல்லை என்று 1640-இல் ஒளிக்காமல் எழுதியவரும் அவரே. அந்த ஒரு வாக்கியம் இருந்ததால்தான், 89 ஆண்டு கழித்து கோல்ட்பாக் அதை முடிந்த உண்மையாக எடுத்துக்கொள்ளாமல் கேள்வியாக ஆய்லரிடம் அனுப்பினார். தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து எழுதிவைத்தால், பிழைகூட அடுத்த தலைமுறைக்கு வேலைத்திட்டமாகிவிடும். 34-ஆவது ஃபெர்மா எண் அந்தத் திட்டத்தில் இன்னும் முடியாத வேலை. அதை முடிப்பவர் இன்று எங்கோ ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருக்கலாம். அவர் கையில் 641-ஐக் கொடுத்துவைப்பது நம் பொறுப்பு.